சொந்தத் தொழில் செய்பவரின் மருத்துவக் காப்பீட்டுக்கு வரிக் கழிவு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் பிப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச் 31 வரை சிறு கடைக்காரர்கள், டியூஷன் சென்டர் நடத்துபவர்கள், பிசியோதெரபி கிளினிக் வைத்திருப்பவர்கள் என்று எல்லோருடைய கைப்பேசிக்கும் ஒரே மாதிரி செய்தி வந்து விழுகிறது: மருத்துவக் காப்பீடு எடுங்கள், 80டி பிரிவில் வரி மிச்சம். காப்பீடு எடுக்க வேண்டும் என்பதில் மறுபேச்சே இல்லை. ஆனால் சொந்தத் தொழில் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த பிரீமியத்தால் இப்போது ஒரு ரூபாய் வரிகூடக் குறையாது. சிலர் அந்தக் கழிவைக் கேட்கப் போய், கட்ட வேண்டியிராத வரியைக் கட்டுகிறார்கள். முகவர்கள் இதைச் சொல்வதில்லை. பல நேரங்களில் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர்களும் சொல்வதில்லை.

மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை வருமானத்திலிருந்து கழிக்க விடும் 80டி சட்டத்தில் இருக்கிறது (இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி), ஆனால் பழைய வரி முறைக்கு மட்டும். 2023–24 நிதியாண்டு முதல், நாம் வாய் திறந்து வேறு கேட்காவிட்டால் புதிய வரி முறைதான். அதில் சேமிப்புகளுக்கான 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி இரண்டுமே கிடையாது. 2025–26 நிதியாண்டில் புதிய முறையின் விகிதம் இப்படி: முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை; 4 முதல் 8 லட்சம் வரை 5%; 8 முதல் 12 வரை 10%; 12 முதல் 16 வரை 15%; 16 முதல் 20 வரை 20%; 20 முதல் 24 வரை 25%; அதற்கு மேல் 30%. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், 87ஏ பிரிவில் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. அதனால் தொழில் வருமானம் 12 லட்சம் வரை வரி பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழிப்பது?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கட்டடங்களுக்கு உள் அலங்காரம் செய்துதரும் ஒருவருக்கு ஆண்டு வரவு 16 லட்சம். செலவுக் கணக்கு காட்டாமல் வரவில் ஒரு பங்கையே வருமானமாக எடுத்துக்கொள்ளும் 44ஏடிஏ பிரிவின் உத்தேச முறைப்படி அதில் பாதியை, அதாவது 8 லட்சத்தை, வருமானமாகக் காட்டுகிறார். அவருக்குப் பணம் கொடுத்த நிறுவனங்கள் கொடுக்கும்போதே 10% வரியை டிடிஎஸ் என்று பிடித்திருக்கின்றன. மொத்தம் 1,60,000 ரூபாய். புதிய முறையில் வரி இல்லை, 1,60,000 ரூபாயும் ரீஃபண்டாகத் திரும்பி வரும். அவரோ, 25,000 ரூபாய் பிரீமியம் கட்டியிருக்கிறோமே, வீணாக்குவானேன் என்று பழைய முறைக்குப் போகிறார். 80சி-யில் முழு 1,50,000, 80டி-யில் 25,000 கழித்த பிறகும் 6,25,000 ரூபாய் மிஞ்சுகிறது. பழைய விகிதத்தில் அதற்கு வரி 37,500. 4% செஸ் சேர்த்தால் 39,000. ரீஃபண்ட் 1,21,000 ஆகக் குறைந்துவிட்டது. கழிவு கேட்டதற்கு அபராதம் மாதிரி 39,000 ரூபாய்!

சரி, 12 லட்சத்துக்கு மேல் சம்பாதிப்பவருக்காவது பயன் உண்டா? பழைய முறையும் புதிய முறையும் எந்தப் புள்ளியில் சமமாகின்றன என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். 13 லட்சம் வருமானத்துக்குப் புதிய முறையில் செஸ் நீங்கலாக வரி 75,000. பழைய முறையிலும் அதே வரி வர வேண்டுமென்றால், கழிவெல்லாம் போக 8,12,500 ரூபாய்தான் மிஞ்ச வேண்டும். அதாவது 4,87,500 ரூபாய்க்குக் கழிவு வேண்டும். 15 லட்சத்துக்கு 5,37,500. 20 லட்சத்துக்கு 7 லட்சத்துக்கும் மேல். எந்த வருமானத்தில் இந்தத் தேவை மிகக் குறைவு என்று தேடினால், 12,70,000 ரூபாயைச் சற்றுத் தாண்டிய இடத்தில் சுமார் 4,80,000 வருகிறது. அறுபது வயதுக்குக் கீழே உள்ள ஒரு தொழில்முனைவோர் எல்லாவற்றையும் வரம்பு வரை நிரப்புகிறார் என்றே வைத்துக்கொள்வோம். 80சி-யில் 1,50,000, என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்துக்கான கூடுதல் கழிவு 50,000, குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டி 2,00,000, தன் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 25,000, மூத்த குடிமக்களான பெற்றோருக்கு 50,000. கூட்டினால் 4,75,000. மிகச் சாதகமான இடத்திலேயே எட்டவில்லை. கல்விக் கடன் வட்டி, மாற்றுத்திறனாளிக்கான கழிவு, பெரிய நன்கொடை என்று வேறு ஏதாவது இருந்தால்தான் பழைய முறை ஜெயிக்கும். சம்பளக்காரருக்காவது வீட்டு வாடகைப் படி என்ற ஒன்று பழைய முறையில் கைகொடுக்கும். சொந்தத் தொழில் செய்பவருக்கு அதுவும் இல்லை; வாடகைக்கு 80ஜிஜி-யில் ஆண்டுக்கு அதிகபட்சம் 60,000 ரூபாய்தான், அதற்கும் நிபந்தனைகள்.

இதைவிடப் பெரிய வம்பு, முறை மாறும் விதியில் இருக்கிறது. சம்பளம் மட்டும் வாங்குபவர் ஆண்டுக்கு ஆண்டு பழையது, புதியது என்று எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ரிட்டர்னில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் முடிந்தது. தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக வேண்டுமானால், ரிட்டர்ன் தாக்கலுக்கான கெடு தேதிக்குள் படிவம் 10-ஐஇஏ தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் படிவம் ஒரு வருடத்தோடு முடிவதில்லை. திரும்பப் பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் பழைய முறையிலேயே நிறுத்தி வைக்கும். வெளியே வர மறுபடியும் அதே படிவத்தைக் கெடுவுக்குள் போட வேண்டும். அப்படி ஒரு முறை வெளியே வந்துவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை பழைய முறைக்குத் திரும்பவே முடியாது.

இதில் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஒன்று, 10-ஐஇஏ போடாமலே ரிட்டர்னில் 80டி காட்டுவது. அல்லது கெடு தேதி போன பிறகு படிவத்தைப் போடுவது. ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் வருமான வரித்துறையின் மத்தியச் செயலாக்க மையம் அதைப் புதிய முறையில் கணக்கிட்டு, கழிவுகளை நீக்கிவிட்டு, முடிவைச் சொல்லும் 143(1) அறிவிப்பு அனுப்புகிறது. வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் இதனால் நஷ்டமில்லை. சொல்லப்போனால் நல்லதே நடக்கிறது. மேலே என்றால், கூடுதல் வரியும் வட்டியும் கேட்டு வரும் அறிவிப்பாக அது இருக்கும். இரண்டாவது சறுக்கல் இன்னும் மோசம். 2023–24 நிதியாண்டுக்கான கணக்கைப் போடும்போது, புதிய முறையில் வரி இல்லாத வரம்பு அப்போது 7 லட்சம்தான் என்பதால், பலருக்குப் பழைய முறை லாபமாக இருந்தது. 10-ஐஇஏ போட்டார்கள். 2025 பட்ஜெட்டில் வரம்பு 12 லட்சமாக உயர்ந்தபோது அவர்கள் வெளியே வந்திருக்க வேண்டும். படிவம் போட்டதே மறந்துபோனவர்கள் இன்னும் உள்ளேயே இருக்கிறார்கள். வாசகர்கள் வருமான வரி இணையதளத்தில் நுழைந்து, தாக்கல் செய்த படிவங்களின் பட்டியலில் 10-ஐஇஏ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இருந்தால், இந்த ஆண்டு ரிட்டர்ன் போடும் முன்பே இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

பழைய முறையில் இருப்பதே லாபம் என்ற சிறு கூட்டத்துக்குச் சில விவரங்கள். தன்னுடைய மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை லாப நஷ்டக் கணக்கில் "இன்சூரன்ஸ் செலவு" என்று எழுதுவது ஊரெங்கும் நடக்கும் தவறு. கடைச் சரக்குக்கான தீக் காப்பீடும் டெலிவரி வண்டிக்கான காப்பீடும் தொழில் செலவு. முதலாளியின் சர்க்கரை நோய்க்கும் அவர் மனைவியின் பிரசவத்துக்கும் எடுக்கும் பாலிசி சொந்தச் செலவு. 37-ஆவது பிரிவில் அதைக் கழிக்க முடியாது. கடை வங்கிக் கணக்கிலிருந்து கட்டியிருந்தால், மூலதனக் கணக்கில் சொந்த உபயோக எடுப்பாக எழுதிவிட்டு, மொத்த வருமானத்திலிருந்து 80டி-யில் கழிக்க வேண்டும். கணக்கு எழுதுபவர் பாதி, ரிட்டர்ன் போடுபவர் பாதி என்று வேலை பிரிந்து கிடக்கும் இடங்களில் ஒரே பிரீமியம் இரண்டு இடத்திலும் கழிந்துவிடுகிறது. 44ஏடி-யில் 8% அல்லது 6%, 44ஏடிஏ-யில் 50% என்று உத்தேச லாபம் காட்டுபவர்களுக்குச் செலவெல்லாம் கழிந்துவிட்டதாகவே சட்டம் கருதுகிறது. ஆனாலும் 80டி அதற்குப் பிறகு வரும் கழிவு என்பதால், பழைய முறையில் இருந்தால் அவர்களுக்கும் உண்டு. உத்தேச முறையில் 80டி கிடையாது என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள்.

பணமாகக் கட்டினால் கழிவு இல்லை. காசோலை, யுபிஐ, கார்டு, வங்கிப் பரிமாற்றம் எதுவும் சரி. முகவரிடம் நோட்டாகக் கொடுத்து, அவர் தன் கார்டில் கட்டி ரசீது வாங்கித் தருவது சர்வசாதாரணம்; ரசீதில் உங்கள் பெயர் இருக்கும், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் போன தடயம் இருக்காது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் காட்ட ஒன்றுமில்லை. முழு உடல் பரிசோதனைக்கு மட்டும் ரொக்கம் ஏற்கப்படும். அதற்கு உச்சவரம்பு 5,000 ரூபாய். அது 25,000-க்கு மேல் கூடுதலாகக் கிடைப்பது அல்ல, அதற்குள்ளேயே அடங்குவது.

குடும்பம் என்றால் தான், கணவன் அல்லது மனைவி, தன்னைச் சார்ந்த பிள்ளைகள். பெற்றோருக்கு வரம்பு தனி. அவர்கள் நம்மைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாமனார், மாமியாருக்குக் கட்டியது சேராது. மனைவி தனியாக ரிட்டர்ன் போடுபவரானால், தன் பெற்றோருக்கான பாலிசிக்கு அவர் தன் கணக்கிலிருந்து கட்டித் தன் ரிட்டர்னில் கேட்கலாம். தம்பி, தங்கைக்குக் கட்டியதும் சேராது. காப்பீடே இல்லாத மூத்த குடிமக்களான பெற்றோருக்குச் செய்த மருத்துவச் செலவை, பணமாகக் கொடுக்காதவரை, 50,000 ரூபாய்க்குள் காட்டலாம். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தள்ளுபடி கிடைக்கிறதென்று மூன்று ஆண்டு பிரீமியம் 60,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினால், ஆண்டுக்கு 20,000 என்று பிரித்துத்தான் கேட்க வேண்டும். தனிநபர் விபத்துக் காப்பீடு 80டி-யில் வராது. 2025–26 மதிப்பீட்டு ஆண்டு முதல் ரிட்டர்ன் படிவமே காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் பாலிசி எண்ணையும் கேட்கிறது. தொகையை மட்டும் அடித்துவிட்டுப் போன காலம் முடிந்தது. பொய்க் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கித் தருபவர்களைத் தேடி 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடெங்கும் சுமார் 150 இடங்களில் நடத்திய சோதனையில் தமிழ்நாடும் இருந்தது, 80டி-யும் இருந்தது. தவறான தகவல் என்று முடிவானால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. அந்த அபராதத்தைக் கமிஷன் வாங்கிக்கொண்டு போனவரிடம் கேட்க மாட்டார்கள், ரிட்டர்னில் பான் எண் யாருடையதோ அவரிடம்தான் கேட்பார்கள்.

இனி நியாயத்துக்கு வருவோம். ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்குக் குழுக் காப்பீடு எடுத்தால், 36(1)(ஐபி) பிரிவில் அந்த பிரீமியம் நிறுவனத்துக்குத் தொழில் செலவு. ஊழியரின் கையில் அது வருமானமாகவும் சேராது. புதிய முறையிலும் இப்படித்தான். முறையாகக் கணக்கு எழுதும் சிறு கடைக்காரரும் தன்னிடம் வேலை பார்க்கும் நான்கு பேருக்குக் கட்டினால் செலவாகக் கழிக்கலாம். அதே கடையில் காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கும் முதலாளி தனக்குக் கட்டினால் மட்டும் வரி கட்டிய பணத்தில் கட்ட வேண்டும். அவரே தன் கடையை பிரைவேட் லிமிடெட் ஆக்கி, அதில் சம்பளம் வாங்கும் இயக்குநராக உட்கார்ந்தால், கம்பெனி அவருக்காகக் கட்டும் பிரீமியம் செலவாகிவிடும். ஆளும் அவர்தான், கல்லாவும் அதுதான். கட்டாயத் தணிக்கைக்கும் கம்பெனிப் பதிவாளருக்கான ஆண்டுத் தாக்கல்களுக்கும் செலவழிக்கத் தெம்பிருப்பவருக்குச் சலுகை, மற்றவருக்கு இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள். மனைவியைக் கடை ஊழியராகக் காட்டிக் குழுக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அவர் உண்மையிலேயே வேலை செய்து, வேலைக்குத் தகுந்த சம்பளம் வாங்கினால் தவிர அது நிற்காது.

12,30,000 ரூபாய் வருமானமுள்ள ஒரு கைப்பேசிக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்களுக்கான விளிம்புநிலை நிவாரணத்தால் அவருடைய வரி 12 லட்சத்தைத் தாண்டிய தொகையோடு நின்றுவிடும்: 30,000 ரூபாய், செஸ் சேர்த்து 31,200. குடும்பத்துக்கு அவர் கட்டிய பிரீமியமும் 30,000 ரூபாய் என்றால், அதைத் தொழில் வருமானத்திலிருந்து கழிக்க அனுமதி இருந்திருந்தால் வரி பூஜ்யமாகியிருக்கும். இப்போது காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு முப்பதாயிரம், அரசுக்கு ஒரு முப்பதாயிரம். ஏறத்தாழ 12,70,000 வரையுள்ள அத்தனை பேருக்கும் கழிக்க முடியாத ஒவ்வொரு ரூபாயும் முழு ரூபாய் வரிதான்.

அமெரிக்காவில் இதற்குத் தெளிவான வழி இருக்கிறது. சுயதொழில் செய்பவர் தனக்கும் குடும்பத்துக்கும் கட்டும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை, அந்தத் தொழிலின் நிகர லாபத்தைத் தாண்டாத அளவுக்கு, மொத்த வருமானத்திலிருந்தே கழித்துக்கொள்ளலாம். பொதுக் கழிவை வாங்குகிறாரா, தனித்தனிக் கழிவுகளைப் பட்டியலிடுகிறாரா என்பதோடு இதற்குச் சம்பந்தமில்லை. தன் வேலையிடம் மூலமோ கணவன் அல்லது மனைவியின் வேலையிடம் மூலமோ மானியக் காப்பீட்டில் சேர முடிகிற மாதங்களுக்கு மட்டும் இது கிடையாது. இரட்டைச் சலுகையைத் தடுக்க அந்த ஒரு நிபந்தனை போதுமானதாக இருக்கிறது.

நம் சிறு தொழில்முனைவோர் எந்தப் பாதுகாப்பு வலைக்குள்ளும் வராமல் நடுவில் நிற்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள ஊழியருக்கு இஎஸ்ஐ உண்டு, முதலாளிக்கு இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் வெளியே இருப்பவருக்குச் சொந்தப் பாலிசிதான் கதி. அதற்கான 25,000 ரூபாய் வரம்பு 2015 பட்ஜெட்டில் வைத்தது. பிறகு மூத்த குடிமக்களுக்கான வரம்பு மட்டும் 2018-இல் 50,000 ஆனது.

உருப்படியாக ஒன்று நடந்தது என்றால், அது 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. அடிப்படை பிரீமியம் 24,000 ரூபாய் என்றால் முன்பு 18% ஆக 4,320 ரூபாய் கூடும். அது இப்போது இல்லை. எந்த முறையில் வரி கட்டுபவருக்கும், வரியே கட்டாதவருக்கும் கிடைக்கும் பலன் இது. புதுப்பித்தல் ரசீதில் ஜிஎஸ்டி என்று இன்னும் ஏதாவது சேர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

மார்ச் 31 என்ற அவசரம் இனிப் பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பதால், பாலிசியை நிதானமாக வாங்கலாம். அவசரத்தில் முகவரே விண்ணப்பத்தை நிரப்புவார். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் "இல்லை" என்று அவரே போட்டுவிடுவார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு மறைத்ததாகச் சொல்லிக் கோரிக்கையை நிராகரிப்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்திருக்கிறது. உண்மையைச் சொல்லிவிட்டு மூன்று ஆண்டுகள் காத்திருப்பது, மறைத்துவிட்டு மாட்டிக்கொள்வதைவிட மேல். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள், நிரப்பிய விண்ணப்பத்தின் நகலைப் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. பழைய 80டி அதில் 126-ஆவது பிரிவு. எண் மாறியதே தவிர, புதிய வரி முறைக்காரருக்கு அங்கேயும் கதவு மூடித்தான் இருக்கிறது. 126-ஐத் தொட வேண்டாம். தொழில் வருமானத்தைக் கணக்கிடும் அத்தியாயத்தில், ஊழியர் காப்பீட்டு பிரீமியத்தைச் செலவாக அனுமதிக்கும் இடத்திலேயே, தனிநபர் தொழில் நடத்துபவர் தனக்கும் குடும்பத்துக்கும் வங்கி வழியே கட்டிய பிரீமியத்தையும் சேர்த்தால் போதும். லாபத்தை மீறாமல் இருக்க வேண்டும், வேறு வேலையிடத்தின் குழுக் காப்பீட்டில் இருப்பவருக்குக் கிடையாது என்று இரண்டு நிபந்தனைகள் வைக்கலாம். உத்தேச முறையில் இருப்பவர்களுக்கும் அந்த லாபத்துக்குப் பின் கழிக்க வெளிப்படையாக அனுமதி எழுத வேண்டும். இல்லாவிட்டால் சிறியவர்களிலும் சிறியவர்கள்தான் விடுபடுவார்கள். அடுத்த பட்ஜெட்டுக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டங்களில் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் ஜிஎஸ்டி-யைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை இதற்கும் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
கரூர்.